பாப்பரசர்களின் மருமகன்கள்: ரோமில் ஆறு நாள்

முதல் நாள், ஜூன் 19

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மதியம் இரண்டு மணி. என் தங்கை மகன் காத்திருந்தான். கட்டடக்கலை படிக்க ரோமுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது அவனுக்கு. "மாமா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். மெலிந்திருக்கிறான். தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று அவனே முந்திக்கொண்டான்.

நான் ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தாத்தா மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். தத்துவ போதகர் என்று நம் பக்கம் அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலியின் கதையை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, பூணூல் அணிந்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்ற சேசு சபைக் குரு அவர். அவர் செய்தது சரியா என்ற வழக்கு ரோமுக்குப் போய்ப் பல வருஷம் நடந்தது. தாத்தா அந்த இடத்தில் "ரோமாபுரியில் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள்" என்று கதையை முடித்துவிடுவார். யார் அந்தப் பெரியவர்கள்? முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியும் இந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காக விடை தேடியதில்லை. ஓய்வு பெற்றதும் கிளம்பிவிட்டேன்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் புனித பேதுரு சதுக்கம். சதுக்கத்தில் நின்று பேராலயத்தின் முகப்பை நிமிர்ந்து பார்த்தேன். தூண்களுக்கு மேலே ஒரு கோடி முதல் மறுகோடி வரை லத்தீனில் பெரிய எழுத்துகள். திருத்தூதர்களின் தலைவருக்கு மகிமையாக ஐந்தாம் பவுல், போர்கேசே, ரோமானியர், 1612-ல் கட்டியது என்று அர்த்தம். பேதுருவின் பெயர் அதில் இல்லை, 'திருத்தூதர்களின் தலைவர்' என்பதோடு சரி. வாசலுக்கு நேர் மேலே, முகப்பின் நடுமையத்தில் இருப்பது பாப்பரசரின் குடும்பப் பெயரான போர்கேசே. அன்றைய ரோம்காரர்களே இதைப் பார்த்து முணுமுணுத்திருக்கிறார்கள். எனக்கும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

அறைக்குத் திரும்பும் வழியில் மருமகனுக்கு அந்தக் கால ஏற்பாட்டை விளக்கிக்கொண்டு வந்தேன். பாப்பரசருக்கு உதவ கர்தினால்கள். அவர்கள் எழுபது பேருக்கு மேல் போகக்கூடாது என்று 1586-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் வரம்பு கட்டினார், மோசேயின் எழுபது மூப்பர்களைக் கணக்கில் வைத்து. பாப்பரசர் இறந்தால் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதும் இவர்கள்தான். ஆனால் பாப்பரசர் பெரும்பாலும் வயதானவர், பிள்ளை குட்டி இல்லாதவர், நம்பிக்கைக்கு ஆள் வேண்டும். ஆகவே பதவி ஏற்றதும் தன் குடும்பத்து இளைஞன் ஒருவனைக் கர்தினால் ஆக்கி, அரசாங்கக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் அவன் கையில் கொடுத்துவிடுவார். இது ரகசியம் இல்லை, ஊரறிந்த உத்தியோகம். இத்தாலிய மொழியில் அவனுக்குக் 'கர்தினால் நிப்போத்தே' என்று பெயர். நெப்போட்டிசம் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அந்த மொழியில் அக்கா மகன், அண்ணன் மகன், பேரன் எல்லோருமே நிப்போத்தேதான். நமக்கோ அக்கா மகன் மருமகன், அண்ணன் மகன் மகன் முறை. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் பதினேழாம் நூற்றாண்டு ரோம் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. நாளைக்குப் பார்க்கப் போகிறவர் அசல் மருமகன்.

இரண்டாம் நாள், ஜூன் 20

போர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இரண்டு மணி நேரம்தான் தருவார்கள். மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

சிப்பியோனே போர்கேசே ஐந்தாம் பவுலின் சகோதரி மகன். பிறந்தபோது அவர் பெயர் சிப்பியோனே கஃபரெல்லி. மாமா பாப்பரசர் ஆனதும் அப்பா வீட்டுப் பெயரை விட்டு மாமா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். தாய்மாமன் உறவின் பெருமை நமக்குத் தெரியும். ஆனால் பெயரையே மாற்றிக்கொள்வது நம்மூரில் நான் கேள்விப்படாதது.

இந்தப் பயணத்துக்காகப் படித்தபோது என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. சிப்பியோனே 1577-ல் ரோமில் பிறந்தார். நம் தத்துவ போதகரும் அதே 1577-ல் அதே ரோமில்தான் பிறந்தார். அப்புறம் 1605-ஐப் பாருங்கள். மே 16 அன்று மாமா பாப்பரசராகத் தேர்வானார். நான்கு நாள் கழித்து, மே 20 அன்று, தெ நொபிலி கோவாவில் கப்பலிலிருந்து இறங்கினார். ஜூலையில் சிப்பியோனே கர்தினால் ஆனார். இருவருக்கும் அப்போது வயது இருபத்தேழு. ஒரே ஊரில், ஒரே வருஷம் பிறந்த இருவரும் தேவ ஊழியம் என்று ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் மதுரையில் மண் சுவர் வீட்டில் ஒரு வேளை சோறு உண்டார். மற்றவரின் வருமானம் 1612 வாக்கில் வருஷத்துக்கு 1,40,000 ஸ்கூடி (அன்றைய ரோம் நாணயம்) அளவில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பணம் சம்பளமாக வந்ததல்ல. எங்கோ இருக்கும் மடங்களுக்கு இவரைத் தலைவர் என்று எழுதிவிடுவார்கள். துறவிகள் அங்கே ஜெபம் செய்வார்கள், நிலத்தின் வருமானம் இங்கே வரும். பொலோஞ்ஞாவுக்குப் பேராயர், லாத்தரன் பேராலயத்துக்குத் தலைமைக் குரு, அது போக இன்னும் பல பதவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருமானம்.

கலைக்கூடத்தின் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது, உண்மையாகவே. சிற்பி பெர்னினியின் அப்பல்லோவும் தாஃப்னேயும் இருக்கும் அறையில் மருமகன் அசையாமல் நின்றான். ஓடுகிற பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறும் கணம். பளிங்கில் அந்த இலைகள் காகிதத்தைவிட மெல்லியதாகத் தெரிகின்றன. ஒரு கர்தினால் வீட்டில் புறஜாதி தெய்வக் கதையா என்று கேட்பவர்களுக்காகப் பீடத்தில் லத்தீன் ஈரடி ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: ஓடி மறையும் அழகைத் துரத்துகிறவன் கையில் கடைசியில் இலையும் கசப்புக் காயும்தான் மிஞ்சும். எழுதியவர் மஃபேயோ பார்பெரினி என்ற இன்னொரு கர்தினால். பிற்பாடு எட்டாம் உர்பான் என்ற பெயரில் பாப்பரசர் ஆனவர். அவர் குடும்பத்துக்கு ஆறாம் நாள் வருவோம்.

மாடியில் சிப்பியோனேவின் மார்பளவுச் சிலைகள் இரண்டு, 1632-ல் பெர்னினி செய்தவை. முதல் சிலை முடியும் தறுவாயில் நெற்றியில் குறுக்காகக் கல் விரிந்துவிட்டது. மூச்சுக் காட்டாமல், சில நாட்களிலேயே இரண்டாவதைச் செதுக்கி முடித்தார். இரண்டும் இன்று ஒரே கூடத்தில் இருக்கின்றன. கொழுத்த முகம், இப்போதுதான் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல் உதடு, அங்கியில் ஒரு பொத்தான் துளையில் பாதி மாட்டியும் மாட்டாமலும். இந்த மனிதர் மேல் கோபத்தோடுதான் படியேறினேன். அந்தப் பொத்தானைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இளகியது. மறு வருஷமே அவர் இறந்துவிட்டார்.

ஆனால் ரஃபேல் வரைந்த 'இயேசுவின் திருவுடலைச் சுமந்து செல்லல்' ஓவியத்துக்கு முன் நின்றபோது பழைய கோபம் திரும்பிவிட்டது. பெருஜா நகரத்தில் மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய், பிரான்சிஸ்கன் ஆலயத்தில் வைப்பதற்காக வரையச் சொன்னது அது. நூறு வருஷம் அந்த ஆலயத்தில் இருந்தது. 1608-ல் ஒரு ராத்திரி சுவரிலிருந்து கழற்றி ரோமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். பாப்பரசர் அதைத் தன் மருமகனின் சொந்தச் சொத்து என்று ஆணை போட்டு முடித்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம் ஓர் ஓவியரிடமிருந்து நூறுக்கும் மேற்பட்ட படங்கள் பறிமுதல் செய்யப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தன. அப்படி வந்தவைதான் கரவாஜ்ஜோவின் இளவயது ஓவியங்கள் இரண்டும். இவ்வளவு நல்ல கண் உள்ள மனிதருக்கு அந்தத் தாயின் துக்கம் ஏன் தெரியாமல் போனது?

"மாமா, நீங்க பாப்பரசர் ஆனா எனக்கு என்ன தருவீங்க?" என்று வெளியே வரும்போது கேட்டான்.

"முதல்ல உன் பரீட்சையைப் பாஸ் பண்ணு மாப்ளே" என்றேன்.

மூன்றாம் நாள், ஜூன் 21

இன்றைக்குத்தான் நான் தேடி வந்த ஆளைப் பார்த்தேன்.

புனித இஞ்ஞாசியார் ஆலயம் பழைய ரோமக் கோவிலான பாந்தியோனுக்குப் பக்கத்தில், ஐந்து நிமிஷ நடை. இதைக் கட்டத் தொடங்கியவரும் ஒரு கர்தினால் நிப்போத்தேதான்: பதினைந்தாம் கிரகோரியின் சகோதரர் மகன் லுதோவிக்கோ லுதோவிசி. 1621-ல் கர்தினால் ஆனபோது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆலயத்துக்குக் கோபுரக் குவிமாடம் கட்ட முடியாமல் போகவே, அந்திரேயா பொஸ்ஸோ என்ற சேசு சபைச் சகோதரர் 1685-ல் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து மேலே பொருத்திவிட்டார். தரையில் ஒரு குறி இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் நிஜக் குவிமாடம், நாலு அடி நகர்ந்தால் சரிந்துவிடுகிறது. மருமகன் குறிக்கும் தூணுக்கும் நடுவே அரை மணி நேரம் நடந்துகொண்டே இருந்தான். நான் வலது பக்கப் பீடத்துக்குப் போனேன்.

கண்ணாடிப் பேழைக்குள் சிவப்பு அங்கியில் படுத்திருப்பவர் கர்தினால் ராபர்ட் பெல்லார்மின். 1542-ல் மோந்தேபுல்ச்சானோவில் பிறந்தவர், சேசு சபையின் இறையியல் பேராசிரியர், 1599-ல் கர்தினால், 1621-ல் மரணம், 1930-ல் புனிதர் பட்டம். தத்துவ போதகருக்கு உறவுக்காரர். மதுரையிலிருந்து முதலில் வந்த புகார்களை நம்பி, 'நீ என்ன, அவர்களைப் போலவே ஆகிவிட்டாயாமே' என்ற வருத்தத்தோடு அவருக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான். தெ நொபிலி பொறுமையாகப் பதில் எழுதினார்: பூணூலும் குடுமியும் சந்தனமும் இங்கே குலத்தையும் தகுதியையும் காட்டும் அடையாளங்கள், வேற்றுத் தெய்வ வழிபாடு அல்ல என்று. அதைப் படித்த பெல்லார்மின் மனம் மாறி அவர் பக்கம் நின்றார். கப்பலில் ஒரு கடிதம் போய்ப் பதில் வர இரண்டு வருஷம் ஆகிற காலம் அது. உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஓர் இளைஞன் எழுதியதைப் படித்துவிட்டு, நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்ளும் முதியவரை எத்தனை பேர் பார்த்திருப்போம்? பேழைக்கு முன்னால் வெகு நேரம் முழங்காலில் இருந்தேன்.

பெல்லார்மின் தன் வீட்டுச் சுவர்த் திரைகளை எடுத்து ஏழைகளுக்கு உடையாகக் கொடுத்துவிட்டு, "சுவருக்குச் சளி பிடிக்காது" என்றாராம். தாத்தாவும் இதைச் சொல்வார். யாரைப் பற்றி என்று எனக்கு இப்போதுதான் தெரியும். கப்புவா பேராயராக இருந்த மூன்று வருஷமும் அந்த ஊரிலேயே தங்கிப் பிரசங்கம் செய்தார். பலர் தங்கள் மறைமாவட்டத்தின் மண்ணையே மிதிக்காத காலம் அது.

ஆனாலும் பாதியை மட்டும் சொன்னால் நான் வாத்தியார் இல்லை. சபைக்கு மாறான கருத்துகளுக்காகத் தத்துவஞானி ஜோர்தானோ புரூனோவை விசாரித்தவர்களில் பெல்லார்மினும் ஒருவர். 1600 பிப்ரவரி 17 அன்று புரூனோவைக் கம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் உயிரோடு எரித்தார்கள். 1616 பிப்ரவரி 26 அன்று கலிலேயோவைத் தன் இருப்பிடத்துக்கு அழைத்து, பூமி சுற்றுகிறது என்ற கருத்தை விட்டுவிடும்படி சொன்னவரும் இவர்தான். கலிலேயோ தண்டிக்கப்பட்டார் என்று ஊரில் வதந்தி கிளம்பியபோது, அப்படி எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுத்தவரும் இவரே. இரண்டையும் ஒரே மனிதருக்குள் வைத்துப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏழைக்குத் திரையைக் கழற்றிக் கொடுத்த கை அது. புரூனோவை நினைத்தால் அந்தக் கையை நான் முத்தமிட மாட்டேன்.

பக்கத்தில் இருக்கும் மினெர்வா ஆலயத்துக்குப் போனபோது மதிய நேரம், கதவு சாத்தியிருந்தது. ரோமில் பல ஆலயங்கள் மதியம் பூட்டிவிடுவார்கள், இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் தூபியைச் சுமக்கும் பெர்னினியின் யானை நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியைச் சாப்பிட்டோம். இந்த ஆலயத்தை ஒட்டிய மடத்தில்தான் 1633 ஜூன் 22 அன்று கலிலேயோ முழங்காலில் நின்று தன் கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். தீர்ப்பில் நீதிபதிகளாகப் பத்துக் கர்தினால்களின் பெயர் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர். போடாத மூவரில் ஒருவர் பிரான்செஸ்கோ பார்பெரினி, அப்போது ஆண்ட எட்டாம் உர்பானின் அண்ணன் மகன். சித்தப்பா ஆட்சியிலும் ஒரு கையெழுத்தைத் தவிர்க்க முடிந்திருக்கிறது.

நான்காம் நாள், ஜூன் 22

தேதியைப் பாருங்கள். 1633-ல் கலிலேயோ முழங்காலிட்டதும் ஜூன் 22. அதற்குப் பதினொரு வருஷம் முன்னால், 1622 ஜூன் 22 அன்று, உலகெங்கும் மறைப்பணியைக் கவனிக்கும் ரோமின் அலுவலகமான விசுவாசப் பரப்புதல் பேராயத்தை நிறுவும் ஆணையைப் பதினைந்தாம் கிரகோரி வெளியிட்டார். அப்புறம் 1692 ஜூன் 22 அன்று பன்னிரண்டாம் இன்னொசென்ட் நெப்போட்டிசத்துக்கு முடிவு கட்டினார்: ஓர் உறவினரை மட்டும் கர்தினால் ஆக்கலாம், அதுவும் தகுதி இருந்தால், வருமானம் 12,000 ஸ்கூடிக்கு மேல் போகக்கூடாது. சிப்பியோனேவின் 1,40,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஊருக்கு இந்தத் தேதியில் வந்து நிற்க வேண்டும் என்றே பயணச்சீட்டு எடுத்தேன்.

பேராயத்தின் மாளிகை ஸ்பானிய சதுக்கத்தில். சுற்றுலாக் கூட்டம் எல்லாம் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, இந்தக் கட்டடத்தை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. சதுக்கத்தைப் பார்த்த முகம் பெர்னினி செய்தது. பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் முகம் அவருடைய போட்டியாளரான கட்டடக்கலைஞர் பொரோமினி செய்தது. சந்து குறுகல், கழுத்து வலிக்க நிமிர்ந்தால்தான் வளைந்து நெளியும் சன்னல்கள் தெரியும். உள்ளே பெர்னினி கட்டிய சின்னக் கோவிலை இடித்துவிட்டு அதே இடத்தில் மூன்று ராஜாக்கள் கோவிலைக் கட்டியவர் பொரோமினி. பெர்னினியின் வீடோ பக்கத்துத் தெருவில். மருமகன் இந்தக் கதையை எனக்குச் சொன்னான். இரண்டு மேதைகளின் சண்டையைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைத் தங்கை பார்க்க வேண்டும்.

இந்தப் பேராயத்தின் முதல் செயலாளர் பிரான்செஸ்கோ இங்கோலி. 1622 முதல் 1649-ல் சாகும்வரை, இருபத்தேழு வருஷம் ஒரே நாற்காலி. கர்தினால் தொப்பி அவருக்குக் கிடைக்கவே இல்லை. உலகெங்கும் இருந்து வரும் கடிதங்களைப் படிப்பது, பதில் எழுதுவது, குறிப்பு எடுப்பது, இதுதான் வாழ்க்கை. அந்தந்த நாட்டுக்காரர்களையே குருக்களாக்க வேண்டும், ஆயர்களாக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். அவருடைய வாதத்துக்கு உயிருள்ள சாட்சியாக ரோமுக்கு வந்து சேர்ந்தவர் மத்தேயோ தெ காஸ்த்ரோ, கோவாவின் திவார் தீவுக்காரர், பிராமணக் குடும்பம். உள்ளூர் ஆள் என்பதால் கோவா பேராயர் இவருக்குக் குருப்பட்டம் தர மறுத்தார். மனிதர் கிளம்பி ரோமுக்கே வந்துவிட்டார். இங்கே படித்து, குருவாகி, 1637-ல் ஆயராகவும் அபிஷேகம் பெற்றார். லத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயர் அவர். ஊருக்குத் திரும்பியபோது போர்த்துக்கீசியர்கள் ஏற்கவில்லை. சண்டையும் வழக்குமாகவே காலம் போய், கடைசி நாட்களை ரோமிலேயே கழித்தார்.

இதில் ஒன்றை விட்டுவிட முடியாது. காஸ்த்ரோவுக்குப் பட்டம் மறுத்த அதே பேராயர், கிறிஸ்தோவாவ் தெ சா என்பவர்தான், மதுரையில் தெ நொபிலி பூணூல் போட்டதை எதிர்த்து 1619-ல் கோவாவில் கூட்டம் நடத்தியவர். இத்தாலியன் நம்மவர் போல உடுத்தக் கூடாது, நம்மவர் இத்தாலியனைப் போலக் குருவாகவும் கூடாது!

அந்தக் கூட்டத்தின் காகிதங்கள் ரோமுக்கு வந்தன. படித்துக் கருத்துச் சொல்லும் இறையியலாளர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பீட்டர் லம்பார்ட், அயர்லாந்துக்காரர். 1601-ல் ஆர்மா நகரத்தின் பேராயராக நியமிக்கப்பட்டவர். அந்த மறைமாவட்டம் இங்கிலாந்து அரசின் பிடியில், அங்கே ஒரு நாள்கூட அவரால் கால் வைக்க முடியவில்லை. 1625-ல் இறக்கும்வரை ரோமிலேயே பாப்பரசரின் வேலைகளைச் செய்துகொண்டு இருந்தார். 1616-ல், பூமி சுற்றுகிறது என்ற கொப்பர்நிக்கசின் கருத்தைத் தவறு என்று சொன்ன குழுவிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. ஆனால் மதுரைப் பூணூல் விஷயத்தில் தெ நொபிலிக்குச் சாதகமாக எழுதினார். 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் அனுமதி தந்து ஆணையிட்டார். தன் மக்களின் முகத்தையே பார்க்கக் கொடுத்து வைக்காத ஓர் ஆயர், தான் பார்க்கவே போகாத மதுரை மக்களுக்காகப் பேசியிருக்கிறார். தாத்தா சொன்ன 'பெரியவர்'களில் ஒருவர் இவர். சந்தில் நின்று இதை மருமகனிடம் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

1659-ல் இதே பேராயம் கிழக்கே அனுப்பிய ஆயர்களுக்கு ஓர் அறிவுரை கொடுத்தது. பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட அபத்தம் உண்டா, விசுவாசத்தைக் கொண்டு போங்கள், அந்த மக்களின் வழக்கங்களில் கை வைக்காதீர்கள் என்று. இங்கோலி இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள், ஜூன் 23

கால் வீக்கம். பாதி நாள் அறையில்.

மாலையில் ஸ்பாதா மாளிகை மட்டும். கர்தினால் பெர்னார்தினோ ஸ்பாதா உழைத்து மேலே வந்தவர்: 1623-ல் பிரான்சுக்குப் பாப்பரசரின் தூதர், பிறகு பொலோஞ்ஞாவின் ஆளுநர். 1630-ல் அங்கே கொள்ளைநோய் வந்தபோது அவர்தான் பொறுப்பில் இருந்தார். தூதராகப் போகிறவர்கள் ஆயர் பட்டம் பெற்றுப் போவது வழக்கம், ஆகவே இவருக்கு எகிப்தில் உள்ள தமியாத்தா நகரத்தின் பேராயர் என்று பட்டம். அங்கே அவருக்கு மக்களும் இல்லை, ஆலயமும் இல்லை, பெயர் மட்டும். கீதோ ரேனி வரைந்த அவர் படம் உள்ளே இருக்கிறது, மேசையில் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிற பார்வை.

தோட்டத்தில் பொரோமினி கட்டிய தூண் வரிசை. முப்பது மீட்டருக்கு மேல் நீளம் என்று சத்தியம் செய்வீர்கள். உண்மையில் ஒன்பது மீட்டர்கூட இல்லை. தூண்கள் உள்ளே போகப் போகச் சிறுத்து, தரை ஏறி, கூரை இறங்குகிறது. கடைசியில் ஆள் உயரமாகத் தெரியும் சிலை, பக்கத்தில் போனால் என் இடுப்புக்கும் கீழே. சாயந்திரம் முழுவதும் மருமகன் இதைக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

ஆறாம் நாள், ஜூன் 24

பார்பெரினி சதுக்கம். மேட்டில் அவர்கள் மாளிகை. கூடத்தின் கூரை முழுவதும் பியெத்ரோ தா கொர்தோனா 1630-களில் வரைந்த ஓவியம். நடுவே ராட்சத அளவில் மூன்று தேனீக்கள், குடும்பச் சின்னம். தேவ பராமரிப்பே இந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் ஓவியத்தின் பொருள். பேதுரு பேராலயத்தின் பலிபீட விதானத்திலும் தேனீ, நீரூற்றில் தேனீ, ரோம் முழுக்கத் தேனீ. எட்டாம் உர்பான் அண்ணன் மகன்களில் இருவரைக் கர்தினால் ஆக்கினார். கர்தினால்களை 'எமினென்ஸ்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று 1630-ல் ஆணையிட்டவரும் அவர். பாந்தியோன் மண்டபத்தின் பழைய வெண்கலத்தை உருக்கியபோது, காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள் என்று ஊரில் வசனம் பரவியது. 1644-ல் அவர் இறந்ததும் அடுத்த பாப்பரசர் கணக்குக் கேட்டார். அண்ணன் மகன்கள் பிரான்சுக்கு ஓடினார்கள். கூரையில் தேனீக்கள் பறந்துகொண்டேதான் இருந்தன.

அவருக்கு ஒரு தம்பியும் உண்டு, அந்தோனியோ. கப்புச்சின் சபைத் துறவி. 1624-ல் அண்ணன் அவரையும் கர்தினால் ஆக்கிவிட்டார். மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வியா வேனெத்தோ ஏறும் இடத்தில், கப்புச்சின்களுக்காக இந்தக் குடும்பம் கட்டிய ஆலயம் இருக்கிறது. நிலவறையில் சுமார் 3,700 துறவிகளின் எலும்புகளால் அலங்கரித்த அறைகள். கூட்டம் முழுவதும் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போகிறது. நாங்கள் மேலே ஆலயத்துக்குப் போனோம். ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒரு பாட்டி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுப்பீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு கல். தேனீ இல்லை, தொப்பி இல்லை, வருஷம் இல்லை. லத்தீனில் ஒரே ஒரு வரி. மருமகன் குனிந்து கைபேசி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினான். நான் தமிழில் சொன்னேன்:

"இங்கே கிடப்பது தூசி, சாம்பல், வேறொன்றும் இல்லை."

அவன் கல்லின் நாலு பக்கமும் தேடினான்.

"பேரு எங்க மாமா?"

"போடச் சொல்லலை" என்றேன்.

அவன் கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். பாட்டி அடுத்த பத்து மணியைத் தொடங்கினார்.